தகராறோடு வாங்கினேன்

17 மார்ச் 2009, செவ்வாய்

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வக்கீல் ஹலகலியின் குமாஸ்தா முத்தப்பா. ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த நிலக் கேஸில் இன்று தீர்ப்பாம். வக்கீல் தார்வாடுக்குப் போய்விட்டார். இவன் மட்டும் கோர்ட்டில் நின்று கேட்டிருக்கிறான்.

“கண்டக்டரண்ணே, கொஞ்சம் ஏத்திக் கொடுத்திருக்காங்க. ஆனா புஞ்சைன்னு வச்சுத்தான் ஏத்தியிருக்காங்க. கெணத்த ஒத்துக்கல.”

“அப்புறம்?”

“உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மனு தள்ளுபடி. ரசீதுல தகராறு எழுதலையாம்.”

“யாரு மனு?”

“அது காதுல விழலண்ணே. முப்பத்தோரு கேசு, ஜட்ஜு ஒரே மூச்சுல படிச்சாரு. மேல ஃபேன் சத்தம் வேற.”

குமாஸ்தாவுக்கு எது காதில் விழ வேண்டுமோ அது மட்டும் விழவில்லை. நம்பிவிட்டேன்!

அணைத் தண்ணீருக்கு நிலம் எடுத்தபோது ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவன் நான். செக்கை வாங்கிக்கொண்டு சும்மா கையெழுத்துப் போட்டால், கொடுத்தது போதும் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு கோர்ட்டுக்குப் போக முடியாது, மேலே அப்பீலும் கிடையாது. கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘தகராறோடு வாங்கினேன்’ என்று எழுத வேண்டும். எங்கள் பக்கம் சண்டைக்கும் தகராறு, ஆட்சேபணைக்கும் தகராறு. அந்த வார்த்தைதான் மேல்கோர்ட்டுக்கு டிக்கெட்.

ஆறு ஏக்கர் எனக்கும் தங்கை நிம்பெவ்வாவுக்கும் சேர்ந்தது. நான் கையெழுத்து. அவள் கைநாட்டு. யாருடைய ரசீதில் வார்த்தை விட்டுப்போயிருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா?

18 மார்ச், புதன்

சங்கவ்வாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்: “நீங்க எழுதினீங்களா?”

“என்னையா கேக்குற?”

“கேக்கக் கூடாதா? வக்கீல சந்தேகப்பட்டாச்சு, குமாஸ்தாவ சந்தேகப்பட்டாச்சு, கோர்ட்டு ஃபேனக் கூட விடல. கண்ணாடில தெரியுற ஆள் ஒண்ணுதான் பாக்கி.”

கட்டின பெண்டாட்டிக்கு வாய் இப்படி. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தேன். ஒருநாள்கூடச் செக்கிங்கில் என் வண்டியில் டிக்கெட் இல்லாத ஆள் பிடிபட்டதில்லை. டிக்கெட் வாங்காதவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். வாங்கினவன் நேராகப் பார்ப்பான். இந்த ஒன்று தெரிந்தால் போதும், மனிதர்களைப் பற்றி வேறெதுவும் தெரிய வேண்டாம்.

20 மார்ச், வெள்ளி

வக்கீலைப் பார்த்தேன். தீர்ப்பின் நகலுக்கு இன்று மனுப் போட்டிருக்கிறார். நகல் வந்தால்தான் யார் மனு போனது, ஏன் போனது என்று தெரியுமாம்.

“அப்பீலுக்கு எத்தனை நாள்?”

“தீர்ப்பு நாள்லேர்ந்து தொண்ணூறு. ஆனா நகலுக்கு மனுப் போட்ட நாள்லேர்ந்து அது தயாராகுற நாள் வரைக்கும் கணக்குல வராது. பயப்படாதீங்க.”

கணக்கில் வராத நாளா? என் வேலையில் கணக்கில் வராத கிலோமீட்டர் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எவனோ ஒருவன் இப்படிச் சொல்லித்தான் ஹொசமனி வீட்டார் கேஸை மூழ்கடித்தான். காலண்டரில் ஜூன் 15ஐச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டேன். அவர் எண்ணாவிட்டால் நான் எண்ணுகிறேன்.

கேஸ் போட்ட நாளில் கேட்டதையே கிளம்பும்போது வக்கீல் மறுபடி கேட்டார்: “கண்டக்டர், ரசீதுல எழுதினது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கில்ல?”

“என்கிட்டயா கேக்குறீங்க?” என்றேன்.

ஏன் அப்படிப் பார்த்தார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சர்க்கார் வக்கீலும் இவரும் ஒரே கடையில் டீ குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

27 மார்ச், வெள்ளி. யுகாதி

நிம்பெவ்வா வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொண்டுவந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவளுக்கு மனை கொடுத்திருக்கிறார்கள். மூழ்கின ஊரிலும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். இருபத்தைந்து வயதில் புருஷனை இழந்து திரும்பி வந்தவள், அன்றிலிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நான் பஸ்ஸில் இருந்தேன்.

“தீர்ப்பு கேட்டியா?” என்றேன்.

“முத்தப்பா சொன்னான்.”

“ஒருத்தர் ரசீதுல தகராறு இல்லையாம்.”

“அப்படியா” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வெல்லம் எனக்கு இறங்கவில்லை.

7 ஏப்ரல், செவ்வாய்

நிம்பெவ்வா பத்தேகால் பஸ்ஸில் எங்கோ போனாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

14 ஏப்ரல், செவ்வாய்

மறுபடியும் பத்தேகால் பஸ். சாயங்காலம் வந்ததும் கேட்டேன், எங்கே போனாய் என்று. “சும்மாதான்” என்கிறாள். எருமையை விட்டுவிட்டுச் சும்மா போகிறவளா இவள்? கறவை நேரம் தப்பினால் ஊரையே இரண்டாக்குகிறவள். கோர்ட், தாலுகா ஆபீஸ், நில அதிகாரியின் ஆபீஸ் எல்லாம் அந்த பஸ் போகிற வழியில்தான் இருக்கின்றன.

சர்க்கார் ஆள் யாரோ அவளைப் பிடித்திருக்கிறான். மனுவே போய்விட்டது, இன்னும் ஒரு காகிதத்தில் கைநாட்டு வை, ஏதாவது பார்த்துச் செய்கிறோம் என்று ஆசை காட்டியிருப்பான். இவளும் வைத்திருப்பாள். வைத்திருந்தால் என் பாகமும் சேர்ந்து போய்விடுமே!

21 ஏப்ரல், செவ்வாய்

அந்த வண்டியில் இப்போது மக்தும்சாப் கண்டக்டர். என் கையில் வேலை பழகினவர். டிப்போவில் பிடித்துக் கேட்டேன்.

“தங்கச்சியா? ஹொளெ கிராஸ்ல இறங்குறாங்க, குரு. மூணு வாரமா.”

“தனியாவா?”

டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “ஒரு ஆள் கூட ஏறுறான். கையில பை. பேண்ட் சட்டை.”

“சர்க்கார் ஆளா?”

“நெத்தியிலயா எழுதியிருக்கு? டிக்கெட் வாங்குனான், விட்டுட்டேன். உன்ன மாதிரி சாதகம் பாத்து டிக்கெட் கொடுக்க எனக்கு நேரமில்ல.”

ஹொளெ கிராஸில் ஆபீஸ் ஒன்றும் கிடையாது. ஆற்றங்கரையும் முள்செடியும்தான். ஆபீஸில் வைத்துப் பேச முடியாததைப் பேசத்தானே அங்கே போவார்கள்?

28 ஏப்ரல், செவ்வாய்

நகல் வரவில்லை. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறையாம். சிவப்பு வட்டத்துக்கு 48 நாள்.

4 மே, திங்கள்

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் டைப் அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். எல்லா வக்கீல்களையும்விட இவருக்குச் சட்டம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேரைச் சொல்லாமல் கேஸை மட்டும் சொன்னேன்.

“நிலம் கூட்டா, பிரிச்சதா?” என்று கேட்டார்.

“கூட்டு.”

“பிரிச்சதுன்னு ஆக்கிட்டா அவங்க தப்பு உங்களத் தொடாது. அவங்கவங்க ரசீது அவங்கவங்க தலையெழுத்து. இருபது வருஷம் முந்தியே வாய்வார்த்தையா பாகம் பிரிச்சுக்கிட்டோம்னு ஒரு பிரமாணப் பத்திரம் போடுங்க. அந்தம்மா கைநாட்டு மட்டும் இருந்தாப் போதும்.”

அடித்து வாங்கிவிட்டேன். இரண்டு பக்கம். மேற்கே கிணறோடு மூன்று ஏக்கர் எனக்கு. கிழக்கே மூன்று ஏக்கர் புஞ்சை அவளுக்கு.

இது ஏமாற்று அல்ல. அவள் மனு ஏற்கெனவே போய்விட்டது. போன மனுவுக்குக் கிணறு எதற்கு? முழுகுகிற வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டமா? ஜெயித்தால் அவளுக்குக் கொடுக்காமலா இருந்துவிடுவேன்?

கொடுப்பேன். எழுதி வைக்கிறேன், கொடுப்பேன்.

6 மே, புதன்

வைத்துவிட்டாள்.

மத்தியானம் போனேன். கொட்டகையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். விதவைப் பென்ஷன் காகிதம், வருடா வருடம் உயிரோடிருக்கிறேன் என்று கொடுக்க வேண்டியது என்று சொன்னேன்.

“படி” என்றாள்.

படித்தேன். அதாவது, வாயில் வந்ததைப் படித்தேன். ‘நிம்பெவ்வா ஆகிய நான் இன்ன ஊரில், இன்ன மனையில், இன்று வரை உயிரோடு இருக்கிறேன்…’

சிரித்தாள். “உசிரோட இருக்கேன்னு சொல்ல ரெண்டு பக்கமா?”

“சர்க்கார் பாஷை அப்படித்தான்.”

“வேற எவனாவது படிச்சிருந்தா இன்னும் ரெண்டு தடவ படிக்கச் சொல்லியிருப்பேன். நீ படிச்சாச் சரி” என்று கையைத் துடைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினாள்.

நான்தான் விரலைப் பிடித்து அழுத்தினேன். மை என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

7 மே, வியாழன்

மை போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டாயிற்று.

12 மே, செவ்வாய்

இன்று நானே பத்தேகால் பஸ்ஸில் ஏறினேன், பின்வாசல் வழியாக. அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பேண்ட் சட்டைக்காரன். ஹொளெ கிராஸில் இறங்கினார்கள். நானும் இறங்கி, கருவேல முள் மறைவில் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அறுபத்து மூன்று வயதில் இது எனக்குத் தேவையா என்று கேட்டால், தேவைதான். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஒத்துக்கொள்வாள்.

அணைத் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கிறது. வெடித்த சேறு. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து போய் ஓரிடத்தில் நின்றாள். அவள் காலடியில் வட்டமாகக் கல் வரிசை. எங்கள் கிணறு.

அந்த ஆள் பையைத் திறந்தான். உள்ளே காமிரா.

“வாண்ணா, எவ்ளோ நேரம் முள்ளுக்குள்ளயே நிப்ப?” என்று அங்கிருந்தே கத்தினாள். “பஸ்லயே பாத்துட்டேன். அந்த நொண்டல் எனக்குத் தெரியாதா?”

போனேன். வேறு என்ன செய்ய?

“போன வாரம் வெறும் தண்ணி. இன்னைக்கு மூணு வரிசை தெரியுது. இன்னும் ரெண்டு வாரம் போனா மோட்டார் வச்ச மேடையும் தெரியும். வக்கீல்தான் சொன்னாரு, கெணறு இருந்ததுக்கு அத்தாட்சி வேணும், அப்பீல்ல காட்டலாம்னு. அதான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை இவரக் கூட்டிட்டு வந்து பாக்குறேன். செவ்வாய்தான் இவரு கடைக்கு லீவு.”

“என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா? போட்டோக்காரன் யாரு, எந்த ஊரு, யாரு அனுப்புனா, காமிராக்குள்ள என்ன இருக்குன்னு நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள மறுபடி தண்ணி ஏறிடும்.”

போட்டோக்காரன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டைப் பைக்குள் அந்த இரண்டு பக்கம் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

13 மே, புதன்

நேற்று பார்த்ததைச் சங்கவ்வாவிடம் சொன்னேன். காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவள் நல்லவள்தான். கஷ்டப்படுகிறாள்தான். ஆனால் கைநாட்டு கைநாட்டுதான். ரசீதில் வார்த்தை விட்டுப்போனது போனதுதானே? படிக்கத் தெரியாதவளைச் சொல்லிக் குற்றமில்லை. மன்னித்துவிட்டேன். நகல் வந்ததும் காகிதத்தை வக்கீலிடம் கொடுத்து, கிணறு என் பக்கம் என்று வழக்கைக் காப்பாற்றி, பாதியை அவள் கையில் வைக்கப்போகிறேன். அப்போது புரிந்துகொள்வாள்.

26 மே, செவ்வாய்

மோட்டார் மேடை தெரிந்துவிட்டதாம். போட்டோ கொண்டுவந்து காட்டினாள். பக்கத்தில் ஒரு அளவுகோல் போல நிற்கிறாள்.

2 ஜூன், செவ்வாய்

நகல் வந்தது.

எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன். அதுவும் இன்றுதான் தெரிந்தது.

வக்கீல், முத்தப்பா, நான். நிம்பெவ்வா வரவில்லை, எருமைக்குக் காய்ச்சல். வக்கீல் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சர்க்கார் தரப்பு கொடுத்த ரசீதுகளின் நகலை என் முன்னால் வைத்தார்.

ஒரு ரசீது. கீழே நீல மையில் பெருவிரல் ரேகை. பக்கத்தில் எவனோ குமாஸ்தாவின் கோழிக் கிறுக்கல். ‘தகராறோடு வாங்கினேன். படித்துக் காட்டக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.’

இன்னொரு ரசீது. கீழே என் கையெழுத்து. நன்றாக, அழகாக, சுழித்து. பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளைக் காகிதம்.

“இது நகல். அசலில் இருக்கும்” என்றேன்.

“அசலைப் பார்த்துத்தான் ஜட்ஜு எழுதியிருக்காரு.”

“அப்போ அழிச்சிருக்கான்! சர்க்கார் வக்கீல் அழிச்சிருக்கான்! நீங்களும் அவனும் ஒண்ணா டீ குடிக்கிறத நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?”

வக்கீல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கண்டக்டர், உங்கள ரெண்டு தடவ கேட்டேன். ‘என்கிட்டயா’ன்னு சொன்னீங்க. ஆமான்னு ஒரு தடவகூடச் சொல்லல.”

முத்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வக்கீல் சொன்னார், பயப்பட வேண்டாம் என்று. நிலம் பிரிக்காத கூட்டு நிலமாக இருந்தால், ஒரு பங்காளி தகராறு வைத்தால் போதும், அது மற்றவருக்கும் சேரும் என்று மேலே பல தீர்ப்பு இருக்கிறதாம். “உங்க தங்கச்சி கைநாட்டைப் பிடிச்சுக்கிட்டு நீங்க மேல போகலாம். அப்பீல்ல அதத்தான் முதல் வாதமா வைக்கப் போறேன். ஒரே ஒரு கேள்வி. எப்பவாவது பாகம் பிரிச்சீங்களா? வாய்வார்த்தையாக்கூட? அப்படி ஏதாவது காகிதம் இருந்தா உங்க பாகம் அங்கேயே முடிஞ்சது.”

காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. இன்று கொடுக்கத்தான் கொண்டுபோனேன்.

“இல்ல” என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

3 ஜூன், புதன்

டிரங்குப் பெட்டியைத் திறந்து 2002 டைரியை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஏழு வருடமாக எடுக்காமல் இருந்ததற்கு ஏதோ காரணம் இருந்திருக்கிறது.

அப்படியே படி எடுக்கிறேன்:

‘9 அக்டோபர் 2002. நில அதிகாரி ஆபீஸில் செக் வாங்கினோம். அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார். கண்டக்டர் சாஹேப் என்றார். தேநீர், பிஸ்கட். நீங்களும் சர்க்கார் ஊழியர், நானும் சர்க்கார் ஊழியர் என்றார். நிம்பெவ்வா வராந்தாவில் குமாஸ்தாவோடு ஒரே சத்தம். தகராறுன்னு எழுது, படிச்சுக் காட்டு, இன்னொரு தடவ படி என்று மூன்று முறை படிக்க வைத்தாள். யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாளோ. மாவு மில்லில் பேசிக்கொண்டார்களாம். மானம் போயிற்று. தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தேன். குமாஸ்தா உள்ளே வந்து, “நீங்களும் எழுதணுமா, சாஹேப்?” என்றான். “எனக்கென்னய்யா தகராறு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்.’

ரிட்டையர் ஆக இரண்டு வருடம் இருந்தது. அதிகாரி முன்னால் என் பேருக்குப் பக்கத்தில் தகராறு என்று எழுதினால் எங்காவது குறிப்பு போய்விடுமோ என்று பயம். அதுதான் நிஜம். அந்தப் பயத்தையும் டைரியில் எழுதவில்லை பார். நாற்காலியை எழுதினேன். பிஸ்கட்டை எழுதினேன்.

ஊருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதும் பொய். அவள் வராந்தாவில் கத்தியதைக் கேட்டுத்தான் அடுத்த வாரத்திலிருந்து ஊர் எழுதியது. நான் அதற்குப் பிறகு திருத்தம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திரும்பத் திரும்பச் சொன்னதில் நானும் எழுதியதாக எனக்கே ஆகிவிட்டது.

யுகாதி அன்று அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாளே. அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வராமல் திரும்பிக்கொண்டிருக்கிறாள். அடக் கடவுளே.

5 ஜூன், வெள்ளி

காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கிழித்து அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன். முடியவில்லை.

“நிம்பி, அன்னைக்குப் படிச்சது தப்பு. இப்பச் சரியாப் படிக்கிறேன்.”

படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அவள் எருமைக்குப் போட்ட தீவனத்தில் கையை வைத்தபடியே கேட்டாள்.

முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்: “கெணறு ஒன் பக்கம்னா எழுதின?”

“ஆமா.”

“கொண்டா.”

கிழிக்கப் போகிறாள் என்று கொடுத்தேன். நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

“கிழிச்சுடு நிம்பி.”

“இருக்கட்டும்.”

திட்டியிருக்கலாம். தகராறு நிம்பெவ்வா என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள், என்னிடம் ஒரு வார்த்தை தகராறு பண்ணவில்லை.

11 ஜூன், வியாழன்

எதற்கு வைத்துக்கொண்டாள்?

அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போனால் என் பாகம் முடிந்தது. யாரிடமாவது காட்டுவாளா? சர்க்கார் தரப்பில்? சீ, என்ன புத்தி இது! அவளைப் பற்றி இனிமேல் சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனாலும் எதற்கு வைத்துக்கொண்டாள்?

15 ஜூன், திங்கள்

சிவப்பு வட்டம். ஒன்றும் ஆகவில்லை. முத்தப்பா நகலின் பின்பக்க முத்திரையைக் காட்டினான், மனுப் போட்ட தேதி, தயாரான தேதி. நடுவில் இருந்த நாளெல்லாம் நிஜமாகவே கணக்கில் வரவில்லை. ஆகஸ்ட் வரை இருக்கிறது. வக்கீல் சொன்னது அத்தனையும் சரி.

மேற்கே மழை. ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதாம். கிணறு மறுபடி உள்ளே போயிருக்கும்.

22 ஜூன், திங்கள்

வக்கீல் ஆபீஸில் அப்பீல் காகிதங்களில் கையெழுத்து. வக்கீல் டைப் அடித்து வைத்திருந்தார். மேல்முறையீடு செய்பவர்கள்: ஒன்று, நிம்பெவ்வா. இரண்டு, குருபாதப்பா.

நிம்பெவ்வா உட்காரவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து அந்த நாலு மடிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“முத்தப்பா, மொதல்ல இதப் படி.”

முத்தப்பா வக்கீலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படித்தான். நான் ஐந்தாம் தேதி படித்தது சரிதானா என்று அவள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று பாதியில்தான் எனக்குப் புரிந்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இது வெளிய போனா அண்ணன் பாகம் போயிடுமா, வக்கீலய்யா?”

“போயிடும்மா.”

“கெணறு?”

“அதுவும் இழுபறியாயிடும்.”

எடுத்துக் கிழித்தாள். அவசரமில்லாமல், இரண்டாக, நாலாக, எட்டாக. கைநாட்டு இருந்த துண்டை மட்டும் தனியாக எடுத்து இன்னும் பொடியாகக் கிழித்தாள். எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

அப்பீல் காகிதத்தை வழக்கம்போலப் படித்துக் காட்ட நான் கையை நீட்டினேன். அவள் அதை என் கைக்கு எட்டும் முன்னால் எடுத்து முத்தப்பாவிடம் தள்ளினாள்.

“நீ படி.”

“அண்ணன்தான் இருக்காரேக்கா…”

“நீ படிப்பா.”

முத்தப்பா படித்தான். கிணறு வருகிற இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். மொத்தமும் மூன்று முறை ஆயிற்று. அப்புறம்தான் விரலை மையில் வைத்தாள். அவள் வைத்த ரேகைக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன், சுழிக்காமல்.

திரும்பும் பஸ்ஸில் மக்தும்சாப். அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் காசை எடுத்து, இரண்டு டிக்கெட் என்றேன்.

“உனக்கு மட்டும் போதும், குரு. தங்கச்சி ஏறும்போதே வாங்கிட்டாங்க.”

அவளைப் பார்த்தேன். டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஊர் வரும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.